பட்டம் கைக்கு வரட்டும்

"சார், இதை ஆய்வேட்டில் எழுதக்கூடாது என்றால் வேறு எங்கே எழுதுவது?" என்று என் ஆய்வு மாணவி கேட்டாள். "முதலில் பட்டம் கைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். மறுநாள் வந்த பிரதியில் அந்தப் பத்தி இல்லை.

மாணவர்களின் பத்திகளை வெட்டுவது நெறியாளரின் அன்றாட வேலை. இது மட்டும் உறுத்துவதற்குக் காரணம், அதில் இருந்தது என் கேள்வி. பல உயிரினங்களில் தொடக்கநிலைக் கருவைப் பாதியாகப் பிரித்தாலும் முழு உயிரே வளர்கிறது. நோக்கம், இலக்கு என்று எதையும் பேசாமல் இதை விளக்கிவிட முடியுமா? நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்த காலத்திலிருந்து என்னை விடாத கேள்வி. அரிஸ்டாட்டிலையும் காண்டையும் அவளுக்கு இரவல் கொடுத்ததும் நான்தான்.

புறத் தேர்வாளர் தரவைக் கேட்பார். தரவில்லாத பத்திதான் முதலில் அவர் கண்ணில் படும். வாய்மொழித் தேர்வு முழுவதும் அதிலேயே கரைந்து, அவளுடைய அருமையான சோதனைகள் பேசப்படாமலே போயிருக்கும். இதை யார் மறுக்க முடியும்?

இந்த இடத்தில் நான் வழக்கமாகத் துணைக்கு அழைப்பது ஜெர்மன் கருவியலாளர் ஹான்ஸ் டிரீஷை. 1888இல் இன்னொரு ஜெர்மன் கருவியலாளர் வில்ஹெல்ம் ரூ, இரு செல் நிலையில் இருந்த தவளைக் கருவில் ஒரு செல்லைச் சுட்ட ஊசியால் கொன்றார். மற்றது பாதிக் கருவாக வளர்ந்தது. 1891இல் டிரீஷ் கடல் முள்ளெலியிலும் அதையே எதிர்பார்த்தார். இரு செல் நிலைக் கருக்களைச் சிறு கண்ணாடிக் குழாயில் இட்டு வேகமாகக் குலுக்கிப் பிரித்தார். மாலையில் ஒவ்வொன்றும் பாதிக் கிண்ணம்போலத் திறந்து கிடந்தது. காலையில் அவை மூடிக்கொண்டு, அளவில் சிறிய முழு உருண்டைகளாக நீந்திக்கொண்டிருந்தன. எந்த எந்திரமும் இப்படிச் செய்யாது என்றார் டிரீஷ். உயிரை அதன் முழு வடிவை நோக்கி நடத்தும் உள்விசை என்ற பொருளில் அரிஸ்டாட்டிலிடமிருந்து 'என்டெலக்கி'யைக் கடன் வாங்கினார், ஆய்வகத்தை விட்டார், தத்துவப் பேராசிரியரானார். வகுப்பில் அவரை நாங்கள் சொல்வது பெரும்பாலும் எச்சரிக்கையாகத்தான்.

ஆனால் ரூவின் தவளையில் செத்த செல் ஒட்டிக்கொண்டே இருந்ததுதான் வினை. அதை அகற்றினால் தவளையிலும் மிச்சச் செல் முழுக் கருவாகும் என்று பின்னால் தெரிந்தது. ஆக, நான் எச்சரிக்கையாகக் காட்டுபவரின் சோதனை நிலைத்துவிட்டது, கேள்வியும் நிலைத்துவிட்டது, பதில்தான் பிழைக்கவில்லை. கருவில் முதுகு எது, வயிறு எது என்று வகுக்கும் பி.எம்.பி., கோர்டின் புரதங்களின் செறிவு இடத்துக்கு இடம் படிப்படியாக மாறுகிறது; கரு சிறுத்தால் அந்தச் செறிவுச் சரிவு அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது எப்படி என்று இன்று ஆராய்கிறார்களே, அது அவர் விட்டுச்சென்ற கேள்விதான்.

இதை வைத்து அந்தப் பத்தியை விட்டிருக்கலாம் என்று வாதிடவும் வழியில்லை. டிரீஷ் முதலில் சோதனை செய்தார், பிறகுதான் தத்துவத்துக்குப் போனார். நான் அவளுக்குச் சொன்னதும் அந்த வரிசைதானே?

என் நெறியாளரும் என்னிடம் 'பிறகு' என்றுதான் சொன்னார். பட்டம் வந்தது, வேலை வந்தது, வேலை நிரந்தரமும் ஆனது. அடுத்த நிதி விண்ணப்பம் முடியட்டும் என்று நானே தள்ளிக்கொண்டிருந்தேன். குறிப்பேடுகள் நிறைந்தன, கட்டுரை ஒன்றும் வரவில்லை. சோதனைகளே அந்தப் பசியை ஆற்றிவிட்டன என்று சொல்லிக்கொள்வேன். சோம்பல் என்று என் மனைவி சொல்வாள்.

அந்த மாணவி இப்போது ஒரு மருந்து நிறுவனத்தில் இருக்கிறாள். அண்மையில் பேசியபோது வேலை பிடித்திருக்கிறது என்றாள். அந்தப் பத்தியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் மறந்திருந்தால் நான் சொன்னது சரி என்றாகிவிடுமா? நினைவிருந்தால் தவறு என்றாகிவிடுமா? இன்னொரு மாணவர் அப்படி எழுதிக்கொண்டு வந்தாலும் வெட்டத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். புறத் தேர்வாளரை மட்டும் காரணம் காட்டமாட்டேன். வேறு என்ன காரணம் சொல்வேன் என்பதை இன்னும் யோசிக்கவில்லை.