ஏரியா தெரிஞ்சவன் கண்ணுக்குத்தான் மேப்போட தப்பு மாட்டும்

பைத்தான்ல மேப் போட கத்துக்கணும், எங்கேந்து ஆரம்பிக்கலாம்னு யாராச்சும் கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான். கோர்ஸ்ல குடுக்கற நியூயார்க் டேட்டாவ ஓரமா வைங்க, உங்க வீட்ட சுத்தி ஒரு அஞ்சு கிலோமீட்டர எடுத்துக்கோங்க. பாசத்துல சொல்லல. மத்த புரோகிராமிங்ல தப்பு பண்ணா சிவப்பு கலர்ல எர்ரர் வந்து கத்தும், இதுல அப்படி இல்ல, புரோகிராம் அழகா ஓடும், மேப்பும் கலர் கலரா வரும், ஆனா சொல்றது பொய்யா இருக்கும். நியூயார்க்ல எந்த தெரு எங்க முடியுதுன்னு நமக்கென்ன தெரியும்? நம்ம சென்னை பல்லாவரம்னா பாத்த உடனே "இது இப்படி இல்லையே"ன்னு உள்ள ஒண்ணு சொல்லும்ல, அதுதான் நம்ம டெஸ்டிங்.

இன்ஸ்டால் பண்றது, படிக்கறது எல்லாம் பெரிய விஷயம் இல்ல. மேப் டேட்டாவ கையாளற ஜியோபாண்டாஸ் லைப்ரரிய போட்டுக்கோங்க, பாண்டாஸ்ங்கற டேபிள் லைப்ரரி தெரிஞ்சவங்களுக்கு அதே டேபிள்தான், கூட இடத்தோட வடிவத்துக்கு ஜியாமெட்ரின்னு ஒரு காலம் (column) அவ்ளோதான். டேட்டாவுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கு, 2004லேந்து ஊர் மக்களே வரைஞ்சு வரைஞ்சு சேத்தது, ஃப்ரீ.

முதல்ல எல்லாரும் மாட்டறது லாட்டிட்யூட் லாங்கிட்யூட் வரிசைல. கூகுள் மேப்ல 13.08, 80.27னு வரும், வடிவங்கள கையாளற ஷேப்லி லைப்ரரியும் ஜியோஜேசன் ஃபைலும் 80.27 முதல்ல வேணும்னு கேக்கும். மாத்தி குடுத்தா சென்னை நார்வே தாண்டி ஸ்வால்பார்டு தீவுக்கு வடக்க பனிக்கடல்ல போய் மிதக்கும். ஆனா இது நல்ல தப்பு, யாருக்கும் தெரிஞ்சுடும். தெரியாததுதான் ஆபத்து.

உதாரணத்துக்கு பஸ் ஸ்டாப்ப சுத்தி 500 மீட்டர்ல யார் யார் வீடு வருதுன்னு பாக்கறீங்க. பஃபர், அதாவது ஒரு புள்ளிய சுத்தி வட்டம், 500னு போட்டா அது 500 டிகிரின்னு எடுத்துக்கும், ஏன்னா ஜிபிஎஸ் டேட்டாவோட யூனிட்டே டிகிரி. ஜியோபாண்டாஸ் வார்னிங் குடுக்கும், சரின்னு நெட்ல தேடி 3857ங்கற நம்பர் உள்ள ப்ரொஜெக்ஷனுக்கு (உருண்டை பூமிய தட்டையா வரையற முறை) மாத்துவாங்க, யூனிட் மீட்டர் ஆயிடும், வார்னிங்கும் போயிடும், எல்லாருக்கும் சந்தோஷம். அதுதான் வெப் மெர்கேட்டர், ஸ்க்ரீன்ல மேப் காட்ட பண்ணது, அளக்க இல்ல. சென்னைல அந்த 500 தரைல ஏறக்குறைய 487 மீட்டர்தான், பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கறதால நாம தப்பிச்சோம், இதே புரோகிராம லண்டன்ல ஓட்டினா 311 மீட்டர் கிட்ட வந்து நிக்கும். சென்னைக்கு போட வேண்டியது 32644, உலகத்த பட்டை பட்டையா பிரிக்கற யூடிஎம் முறைல 44வது ஸோன். கோயம்புத்தூர் ஃப்ரெண்டுக்கு அதே புரோகிராம அப்படியே அனுப்பாதீங்க, 78 டிகிரி கோடு கரூர் திண்டுக்கல் பக்கமா போகுது, அதுக்கு மேற்க 43வது ஸோன், அவங்களுக்கு 32643.

இந்த இடத்துல ஒரு பெருமை பேசிக்கறேன். இந்த நாட்டையே முக்கோணம் முக்கோணமா அளந்தாங்களே அந்த பெரிய சர்வே, லாம்ப்டன் 1802ல அதுக்கு முதல் பேஸ்லைன், அதாவது மத்த அளவுக்கெல்லாம் அடிப்படையான கோடு, போட்டது நம்ம பரங்கிமலை கிட்டதான், சுமார் 12 கிலோமீட்டர், சங்கிலி வெச்சு. எவரெஸ்ட் 1830னு பழைய டோபோஷீட்ல (சர்வே மேப்) பூமியோட ஒரு உருவம் போட்டிருக்கும், அது அந்த சர்வே வழியா வந்ததுதான். பழைய ஷீட்ட ஸ்கேன் பண்ணி ஜிபிஎஸ் யூஸ் பண்ற டபிள்யூஜிஎஸ் 84 உருவம்னு சொல்லி ஏத்தினா நூறு மீட்டருக்கு மேல தள்ளி விழும், எர்ரர் ஒண்ணும் வராது. அந்த தெருல இருக்கறவனுக்கு மட்டும் தெரியும், கோயில் குளத்துக்குள்ள இருக்கேன்னு.

சரி, ப்ரொஜெக்ஷன் எல்லாம் கரெக்டா போட்டாச்சு, இப்பவாச்சும் மேப் உண்மை பேசுமா? ஆபீஸ்ல ஒரு தம்பி ஏர்போர்ட் மெட்ரோவ சுத்தி 4 கிலோமீட்டர் வட்டம் போட்டு காட்டினான், "அண்ணா, பொழிச்சலூர் ஆளுங்க எல்லாம் சைக்கிள்லயே மெட்ரோவுக்கு வந்துடலாம்ணா"ன்னு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா நடுவுல ரன்வே இருக்குடா! பம்மல் வந்து பல்லாவரம் வந்து ஜிஎஸ்டி ரோட்ட பிடிச்சுதான் போகணும், பஃபருக்கு அது எப்படி தெரியும், அதுக்கு நடுவுல இருக்கறதெல்லாம் வெறும் தரை. அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், ரயில்வே லைன்னு இந்த ஊரையே இப்படி வெட்டி வெட்டித்தான் வெச்சிருக்கு. ஓஎஸ்எம்என்எக்ஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, ரோடு எல்லாத்தையும் கிராஃபா, அதாவது சந்திப்பும் இணைப்புமா, எடுத்து குடுக்கும், அதுல தூரம் கணக்கு போட்டா வட்டம் போய் கையும் காலுமா ஒரு கோணல் வடிவம் வரும். பாக்க அசிங்கமாதான் இருக்கும், ஆனா அதுதான் சென்னை. நேர்கோட்டு வட்டத்த வெச்சு முடிவு எடுக்கற ரிப்போர்ட் எத பாத்தாலும் எனக்கு இப்போ சந்தேகம்தான்.

பஸ் ஸ்டாப்ப எண்ணும்போதும் இதே கதை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு புள்ளி இருக்கும், சில இடத்துல பிளாட்ஃபார்ம் தனியா வேற, நம்ம வாயில அது ஒரே ஸ்டாப்தான். வார்டு வாரியா எண்ணி கலர் அடிச்சா இன்னொரு கூத்து, 2011ல மாநகராட்சிய 174லேந்து 426 சதுர கிலோமீட்டரா விரிச்சு 200 வார்டு ஆக்கினாங்க, ராயபுரம் பக்க வார்டெல்லாம் குட்டி குட்டி, சோழிங்கநல்லூர் பக்கம் ஒரொரு வார்டும் ஒரு ஊர் அளவு. வெறும் எண்ணிக்கைக்கு கலர் அடிச்சா பெரிய வார்டு எல்லாம் பணக்கார வார்டு மாதிரி தெரியும், பரப்பளவால வகுத்துட்டு பாருங்க, மொத்த மேப்பும் தலைகீழாகும்.

அப்புறம் வெள்ளம். 2015க்கு அப்புறம் சென்னைல பைத்தான் தொட்ட எல்லாருக்கும் எந்த ஏரியா முழுகும்னு மேப் போடணும்னு ஒரு ஆசை, எனக்கும்தான். உடனே எஸ்ஆர்டிஎம் உயர டேட்டாவ இறக்குவாங்க, 2000ல விண்வெளி ஓடத்துலேந்து ரேடார் வெச்சு எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உலகத்துக்கு அது வரப்பிரசாதம், வேளச்சேரிக்கு இல்ல. அதுல உயரம் முழு மீட்டர்லதான் இருக்கும், கட்டட மொட்டமாடியும் மர உச்சியும் கலந்திருக்கும், அதுக்கு வெச்ச துல்லிய இலக்கே 16 மீட்டர் வரைக்கும் பிசகலாம்ங்கறதுதான், நிஜத்துல அத விட நல்லாதான் இருக்கு, ஆனா நம்ம ஊர்ல தண்ணி வீட்டுக்குள்ள வருமா வராதான்னு முடிவு பண்றது அரை மீட்டர். எந்த தெரு முழுகும்னு கேட்டா அந்த டேட்டாவ விட பால் போடற அண்ணன் கரெக்டா சொல்லுவாரு. பெரிய படமா, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு எந்தெந்த பக்கத்துலேந்து தண்ணி இறங்குதுன்னு மேலோட்டமா பாக்க வேணா யூஸ் பண்ணலாம், அதுக்கு மேல அத நம்பி வீடு வாங்கிடாதீங்க.

உங்க ஏரியாவ போட்டு பாக்கும்போது இல்லாத பஸ் ஸ்டாப், பேர் தப்பா இருக்கற சந்து எல்லாம் கண்டிப்பா கண்ணுல படும். அத புரோகிராம்ல எக்செப்ஷன் எழுதி சமாளிக்காதீங்க, ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ஒரு அக்கவுண்ட் திறந்து நேரா அங்கயே திருத்துங்க, ப்ரவுசர்லயே எடிட்டர் இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி டவுன்லோட் பண்ணா நீங்க வெச்ச புள்ளி டேட்டாவுல வந்துடும். கூகுள் மேப்ப பாத்து மட்டும் காப்பி அடிக்காதீங்க, அதுக்கு அனுமதி இல்ல. போய் நேர்ல பாத்துட்டு வைங்க.