உடைஞ்ச அளவி

சங்கம் வெளியிடுற மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு அங்கயிருந்து மூண்டு தரம் கோல் பண்ணிப்போட்டினம், இனியும் தட்டினா அடுத்த ஒன்றுகூடல்ல எனக்குக் கொத்துரொட்டி கிடைக்காது.

போன மாசம் வேலையில லீடர்ஷிப் ட்ரெயினிங் எண்டு முழுநாள் இருத்தி வைச்சிட்டினம். கூகுள்காரர் 2012 இல தொடங்கி தங்கட 180 டீமுகளை ஆராய்ஞ்சவையாம், டீமில எத்தினை கெட்டிக்காரர் எண்டதை விட, பிழை விட்டா பயப்பிடாமல் வாயைத் திறக்கலாமோ எண்டதுதான் பெரிசாம். எனக்கு உடன எங்கட கெமிஸ்ரி சேர்தான் ஞாபகம் வந்தார்.

யாழ்ப்பாணம், 1993. கரண்ட் போய் மூண்டு வருசம், ஜாம் போத்தல் விளக்கில படிப்பு, பொருளாதாரத் தடையால சாமான் ஒண்டும் வராது. லாப்பில மிஞ்சினது ரெண்டே ரெண்டு அளவி, திரவத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு அளக்கிற நீளக் கண்ணாடிக் குழாய். நியமிப்புப் பரிசோதனை முடிச்சு தாங்கியில இருந்து கழட்டேக்க ஒண்டு என்ர கை நழுவி சீமெந்து நிலத்தில சிலீர். வகுப்பே மூச்சு விடேல்லை. சேர் வந்து குனிஞ்சு பாத்திட்டு, "கை வெட்டினதோ?" எண்டார். இல்லை சேர். "அப்ப தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வா." நான் கூட்டக்கூட்ட அவர் பழைய பேப்பரை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அடுத்த கிழமை மற்ற அளவிக்குப் பொறுப்பு ஆர் எண்டா, நான்! கழுவி அலுமாரியில வைச்சுப் பூட்டி திறப்பைக் குடுக்கிறது, ஏ.எல். சோதினை முடியும்வரை அதில ஒரு கீறல் விழேல்லை. (அடிக்கிற சேர்மாரும் இருந்தவைதான், அவையின்ர பாடம் ஒண்டும் இப்ப ஞாபகம் இல்லை.)

டொரண்டோவில நான் முதல் வேலை செய்த இடத்து மனேஜர், பிழை நடந்தா ஆர் செய்தது எண்டு எல்லாரையும் சிசியில போட்டுக் கேப்பார், நாங்கள் பிழையை ஒளிக்கப் பழகினதுதான் மிச்சம்.

இப்ப நானே ஒரு டீமுக்கு லீட். போன மாரியில, புதுசாச் சேர்ந்த ஒரு பெட்டை ராத்திரி ரெண்டு மணிக்கு கோல் எடுத்தா, குரல் நடுங்குது, டெஸ்ட் சிஸ்டம் எண்டு நினைச்சு லைவ் சிஸ்டத்தில ஒரு டேட்டா டேபிளை அழிச்சுப்போட்டாவாம். எனக்கு முதல் வாயில வந்தது நல்ல வார்த்தை இல்லை, மியூட்டில இருந்தபடியால தப்பினன். பிறகு, பேக்கப் கடைசியா எத்தினை மணிக்கு எடுத்தது, பாருங்கோ, நானும் லொகின் பண்ணுறன் எண்டன். விடிய ஆறு மணியாச்சு. இருபது நிமிச டேட்டா போனது போனதுதான். மேல அனுப்பின ரிப்போர்ட்டில அவவின்ர பேர் இல்லை, ஆரும் போய் அழிக்கிற மாதிரி பெர்மிஷனைத் திறந்து விட்டிருந்தது நான்தானே.

அடுத்த கிழமை பேக்கப் செக் பண்ணுற பொறுப்பை அவவிட்டயே குடுத்தன். ஏன் எனக்கு எண்டு கேட்டா. கதையைச் சொல்ல வெளிக்கிட்டு, அளவிக்கு இங்கிலீசில என்ன எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன்.