மாத்திரையே வளர்த்த தலைவலி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. மேசையில் குவியும் ஒவ்வொரு பீஸையும் குனிந்து பார்த்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பிரித்து வைக்கணும். மத்தியானம் தாண்டினால் நெற்றியிலிருந்து பிடரி வரை துண்டை இறுக்கிக் கட்டினாற்போல வலி வந்துவிடும். கண்ணாடி மாற்றிப் பார்த்தேன், சைனஸ் என்று ஆவி பிடித்தேன். பிறகு மருந்துக் கடை மாத்திரைதான். போகப் போக அது தினப்படி ஆனது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. ரெண்டு பக்கமும் வலிக்குதா, துடிக்குதா, படியேறினால் கூடுதா, வாந்தி வருதா என்று நிதானமாகக் கேட்டார். அப்புறம் நெற்றிப்பொட்டு, தோள்பட்டை என்று அமுக்கிக்கொண்டே வந்து, பிடரியில் மண்டை எலும்பு முடியும் இடத்தில் விரலை வைத்ததும் கத்திவிட்டேன். வலி அங்கிருந்து நேரே நெற்றிக்கு ஓடியது. "இதானேம்மா தினமும் வர்றது?" என்றார்.

இறுக்கத் தலைவலி என்றார். அதைவிட அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு அதிர்ச்சி. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாசக்கணக்கில் போட்டால் அதுவே தலைவலியைப் போகவிடாதாம். காஃபின் மாதிரி வேறு மருந்து கலந்ததென்றால் 10 நாளே போதுமாம். வலிக்குத்தானே போடுகிறோம் என்று கோபம்கூட வந்தது.

நிறுத்திய முதல் வாரம் நரகம். விடியும்போதே வலியோடுதான் எழுந்தேன். தலைவலி வராமல் தடுக்க ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை 10 மில்லிகிராம் கொடுத்தார். நாக்கு வறண்டது, காலையில் மந்தமாக இருந்தது, ஆனால் தூக்கம் கிடைத்தது. பிசியோதெரபியில் மோவாயைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டு மேசைக்காலுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். என்னைக் கேட்டால் பாதி குணம் அந்தக் கட்டையால்தான்.

வலித்த நாள், மாத்திரை போட்ட நாள் ரெண்டையும் காலண்டரில் குறித்து வந்தேன். சில மாதத்தில் குறிகள் அருகிப்போய், ராத்திரி மாத்திரையையும் டாக்டரம்மா நிறுத்திவிட்டார். ஷிப்மென்ட் நேரத்தில் இன்னும் எட்டிப் பார்க்கும். ஒரு பாராசிட்டமால் போட்டுக் குறித்து வைப்பேன்.

திடீரென்று இடி விழுந்தாற்போல வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசை அக்காவும் இப்போது காலண்டரில் குறிக்கிறார். அவருக்கு ஒரு பக்கம் மட்டும் துடித்து வாந்தி வருகிறது, வெளிச்சமும் ஆகாது. அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், மருந்தே வேறு என்று சொல்லி, இந்த வாரம் கூட்டிப் போகிறேன்.