காதுவில்லையைத் தேடிக் குப்பைக்குழிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"வில்லை காதுல இல்லையேம்மா. இது இந்த மாட்டோடதுதான்னு நாங்க எப்படி நம்பறது?"

காப்பீட்டு அலுவலகத்தில் முதல் நாள் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. மாட்டின் காதில் அடையாள எண்ணோடு குத்தியிருந்த மஞ்சள் வில்லையைக் கழுவித் துடைத்து, டாக்டர் கொடுத்த பிரேதப் பரிசோதனைச் சான்று, செத்த மாட்டின் போட்டோக்கள் எல்லாவற்றோடும் மேசைமேல் பரப்பிவிட்டு நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் வில்லையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பணம் கடைசியில் வந்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நாலு முறை பஸ் ஏற வைத்தார்கள். அதில் பாதி எங்கள் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கட்டுத்தறியில் நாலு உருப்படி: கறவையில் இரண்டு கலப்பின மாடு, ஒரு கிடாரி, ஒரு கன்று. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தோல் கழலை நோயில் மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்ததை டிவியில் பார்த்தோம். எங்கோ வடக்கே நடக்கிற விஷயம் என்று இருந்துவிட்டோம். நோயோ 2019-லேயே ஒடிசா வழியாக நாட்டுக்குள் வந்துவிட்டதாம். எங்கள் ஊருக்குத் தடுப்பூசி முகாம் வந்தபோது, போடுவது ஆட்டம்மை ஊசி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அத்தை பிடித்துக்கொண்டார். "ஆட்டு ஊசிய மாட்டுக்குப் போட்டா பால் வத்தீரும், வேண்டாம் போங்க" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நானும் வாய் திறக்கவில்லை. ஆட்டம்மைக் கிருமியும் இந்தக் கழலைக் கிருமியும் ஒரே குடும்பம், அதனால்தான் அந்த ஊசி மாட்டுக்கும் காப்பாகிறது என்று டாக்டர் பிறகு விளக்கினார். பிறகு விளங்கி என்ன செய்ய?

மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சந்தையிலிருந்து ஒரு மாடு பிடித்து வந்தார். கழுத்தில் இரண்டு மூன்று கட்டி இருந்தது. பூச்சிக்கடி என்றார். அவர் வேலிக்கும் எங்கள் கட்டுத்தறிக்கும் இருபதடிகூட இருக்காது. இந்த நோய்க்கு மாடும் மாடும் உரச வேண்டியதில்லை, ஈயும் கொசுவும் உண்ணியும் போதும். இரண்டு வாரம் கழித்து எங்கள் செவலை தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கண்ணிலும் மூக்கிலும் நீர். வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது ஒன்றரைக்கு இறங்கியது. மழைச் சளி என்று நினைத்து உள்ளூரில் ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டோம். இரண்டு நாள், இரண்டு ஊசி, அறுநூறு ரூபாய். என்ன மருந்து என்று கேட்டால் "நல்ல மருந்துதானுங்க" என்றார். சீட்டு கிடையாது. அந்தச் சீட்டு இல்லாதது பிற்பாடு எங்களைக் கடித்தது.

மூன்றாம் நாள் காலை உடம்பெங்கும் எலுமிச்சைக் காய் அளவுக்குக் கட்டிகள். அப்புறம்தான் கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரான 1962-க்குப் போன் செய்தேன். வண்டி அன்றைக்கே வந்தது. கிருமியைக் கொல்ல நேரடி மருந்து இல்லை என்றும், காய்ச்சலுக்கும் புண் சீழ் பிடிக்காமல் இருக்கவும்தான் வைத்தியம் என்றும் சொன்னார் டாக்டர். கிடாரியையும் கன்றையும் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றச் சொன்னார். மற்ற மாட்டுக்கு ஊசி போட்டார்கள், ஆனால் போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, மூன்று வாரம் ஆகும். எங்கள் கிடாரிக்கு அதற்குள் நாலு கட்டி வந்துவிட்டது.

அந்த மூன்று வாரம் நல்ல மாட்டை முதலில் கறந்துவிட்டு, நோய் மாட்டைக் கடைசியில், வேறு பாத்திரத்தில் கறந்தோம். சாயங்காலமானால் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை. 10 வெற்றிலை, 10 கிராம் மிளகு, 10 கிராம் கல்லுப்பை வெல்லம் சேர்த்து அரைத்து முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நாக்கில் தடவினோம், மறுநாளிலிருந்து தினம் மூன்று வேளை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் சொல்லிக்கொடுத்த முறைதான் இது. கிடாரி இதில் எழுந்துகொண்டது என்பது அத்தையின் கட்சி. நான் மறுக்கவில்லை. இது மனிதருக்குத் தொற்றாது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று டாக்டரே சொல்லியும் தெருவில் யாரும் எங்கள் பாலை வாங்கவில்லை.

செவலைக்கு மட்டும் இறங்கவில்லை. வலது காதில் வில்லை குத்திய இடத்திலேயே ஒரு கட்டி உடைந்து புழு வைத்துவிட்டது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் குழைத்து ஊற்றப் போன கொழுந்தனார், வில்லை இடைஞ்சலாக இருக்கிறது என்று கத்திரியால் வெட்டி எடுத்து, சாணிக் கூடையில் போட்டுவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். கூடை குப்பைக்குழிக்குப் போயிற்று. மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குச் செவலை கண் மூடியது.

ஏழு மணிக்குக் காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டேன். 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று பாலிசித் தாளில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்துக் குரல் கேட்ட முதல் கேள்வி வில்லை நம்பர். இரண்டாவது, "வில்லை காதுல இருக்கற மாதிரி போட்டோ அனுப்புங்க." வில்லை இல்லாவிட்டால் பணம் இல்லை என்பது அவர்கள் விதி.

வீட்டுக்காரர், நான், கொழுந்தனார், பத்தாவது படிக்கிற பெண் நாலு பேரும் குப்பைக்குழியில் இறங்கினோம். மூன்று நாள் சாணி, அதன்மேல் மழைத் தண்ணீர். மண்வெட்டி போட்டால் உடைந்துவிடும் என்று கையாலேயே அள்ளி, தவிடு சலிக்கிற சல்லடையில் அலசினோம். பதினொன்றரை மணிக்குப் பெண்தான் கத்தினாள். 12 இலக்கமும் தெளிவாக இருந்தது. செத்த மாடு ஒரு பக்கம் கிடக்க, நாங்கள் சாணிக் கையோடு சிரித்தோம். இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

ஞாயிறு என்பதால் எங்கள் மருந்தக டாக்டர் ஊரில் இல்லை. பக்கத்து ஊர் டாக்டர் மூன்று மணிக்கு வந்தார். அதுவரை புதைக்கக் கூடாது, புதைத்துவிட்டால் பிரேதப் பரிசோதனை இல்லை, அது இல்லாவிட்டால் எதுவும் இல்லை. சாக்கு போர்த்தி, சுண்ணாம்பு தூவி ஈ விரட்டினோம். அந்த மனிதர் செய்த ஒரு காரியம்தான் எங்களைக் காப்பாற்றியது. கிழிந்த காதுக்குப் பக்கத்தில் வில்லையை வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். சான்றில், நோயின் பெயரோடு, காதுப் புண்ணில் புழு வைத்ததால் சிகிச்சைக்காக வில்லை அகற்றப்பட்டது என்று தனி வரி எழுதினார். பிறகு ஜேசிபி வைத்துக் கிணற்றுக்குத் தூரமாக ஆறடிக்கு மேல் தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினோம்.

இனி அலுவலகம். முதல் நடை நான் சொன்னதுதான். இரண்டாம் நடையில் சிகிச்சைச் சீட்டு கேட்டார்கள். 1962 வண்டியின் சீட்டு இருந்தது, அதற்கு முந்தைய இரண்டு நாளுக்கு இல்லை. "ரெண்டு நாள் சும்மா விட்டீங்களா?" ஊசிக்காரரைச் சொன்னால் இன்னும் வம்பு, வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நடையில் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், பாலிசியில் பின்னால். நாலாம் நடையில் அந்த ஆள் விடுப்பு, பதிலுக்கு இருந்த பெண் சான்றின் அந்த ஒற்றை வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுலயே இருக்குதேக்கா, இத யாரும் பாக்கலீங்களா?" என்றாள். அழுகை வந்துவிட்டது எனக்கு.

மாடு வைத்திருப்பவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். மாதம் ஒருமுறை வில்லையும் முகமும் தெரிய ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டார் யாருக்காவது அனுப்பிவையுங்கள், தேதியோடு நிற்கும். வில்லை விழுந்தாலோ எடுக்க வேண்டி வந்தாலோ அன்றே டாக்டருக்கும் கம்பெனிக்கும் சொல்லி மறு வில்லை போட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். சீட்டு தராதவரிடம் ஊசி போடாதீர்கள். சந்தை மாடு வந்தால், பக்கத்து வீட்டுக்காரருடையதானாலும், சண்டை போட்டாவது தள்ளிக் கட்ட வையுங்கள். நான் முகத்துக்குப் பார்த்தேன்.

பணம் 87-ஆம் நாள் வந்தது. 40,000 ரூபாய். முதலில் ஜேசிபிக்காரரின் பாக்கியைக் கொடுத்தேன்.