வேப்பமரத்தடிக் கடையும் வெயிலடிக் கடையும்

ஏப்ரல் 21

விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விட்டோம். எங்கள் தெருவில் கடை போடும் அக்காக்களோடு கொள்முதலுக்கும் போய்ப் பார்த்தால்தான் காய் எங்கே கெடுகிறது என்பது பிடிபடும். ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளி பெட்டி பெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே செங்காய், அடியில் நன்றாகப் பழுத்தது. பெட்டியைப் பிரித்துத் தர மாட்டார்கள், முழுசாகத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஷேர் ஆட்டோ. கத்தரிக்காய் மூட்டை, அதன்மேல் புடலை, அதற்கும் மேலே ஓர் ஆள். அடிபட்ட காய் காலையில் ஒன்றும் காட்டாது. மதியம் அந்த இடம் கறுக்கும், மறுநாள் அழுகும். வெயில் படுவதற்கு முன்பே பாதிச் சேதாரம் ஆட்டோவில் முடிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் டிரேயாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் பாரம் விளிம்பில்தான் இறங்கும், காயின்மேல் இறங்காது. ஆனால் டிரேயைத் திருப்பிக் கொண்டுபோக ஆட்டோவில் தனியாகக் காசு கேட்கிறார்கள்.

ஏப்ரல் 23

வெப்பமானியோடு தெருவில் நடந்தேன். நிழலில் காற்று 38 டிகிரி. வெயிலில் சாக்கு விரித்துப் பரப்பிய தக்காளி 45. வேப்பமரத்தடியில் இருக்கும் அம்மாவின் தக்காளி 35தான். இருவரும் ஒரே மண்டியில் ஒரே விலைக்கு வாங்கிய சரக்கு.

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. 10 டிகிரி சூடு கூடினால் அந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். காயில் இருக்கும் சத்தும் ஈரமும் அதே வேகத்தில் தீரும். சின்னக் கடைக்காரருக்கு முதலில் வேண்டியது நிழல். இதை யாரிடம் வேண்டுமானாலும் உறுதியாகச் சொல்வேன்.

ஏப்ரல் 26

கீரை விற்கும் பாட்டியிடம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். "தண்ணி தெளிச்சாத்தான் தாயி நிக்கும், ஊத்துனா அழுகிப்போகும்" என்றார். அவர் கைக்கு அளவு தெரியும். கீரைக்கட்டை நெருக்கி அடுக்காமல் வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைக்கிறார். மேலே ஈரச் சாக்கு. சாக்குக்கு அடியில் வெப்பமானியை வைத்தேன், 29 காட்டியது. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் விஷயம். மதுரையின் வறண்ட வெயிலில் இது நன்றாக வேலை செய்யும். கடற்காற்று அடிக்கும் சென்னையில் இவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது. தெளிக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், அதுதான் இந்தத் தெருவில் கஷ்டம். குழாய் இரண்டு தெரு தள்ளி.

இதே உத்தியைப் பெரிதாக்கி டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் ஒரு தொட்டி வடிவமைத்தார்கள். செங்கல்லில் இரட்டைச் சுவர், நடுவே ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்று மணல், காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர். மின்சாரமே வேண்டாம். சாலையோரம் கடை போடுகிறவர் அதை எங்கே கட்டுவார்? வீட்டில் கொல்லை இருக்கும் ஓர் அக்கா கட்டிப் பார்க்கிறேன் என்கிறார். விற்காத காயை ராத்திரி வைக்கவாவது உதவும்.

ஏப்ரல் 30

வாழைப்பழமும் தக்காளியும் இருக்கும் கூடையிலேயே கீரையும் வெள்ளரியும் கிடந்தன. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் கீரையை மஞ்சளாக்கிவிடும். தனித்தனியாக வைக்கச் சொன்னேன். சின்ன வெங்காயத்தின் மேல் ஈரச் சாக்கு போடக் கூடாது, அதற்குக் காற்றுதான் வேண்டும்.

மே 4

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. எல்லோரும் குளிர்பதன அறை கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே அறை, ஒரே குளிர் என்றால் எல்லாக் காய்க்கும் ஒத்துவராது. கீரையும் கேரட்டும் சுழியை ஒட்டிய குளிரில் நன்றாக இருக்கும். கத்தரி, வெண்டை, வெள்ளரியை அதே அறையில் போட்டால் தோலில் குழி விழும், கத்தரி விதை கறுக்கும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனாலே தோல் கருத்துவிடும். தெருவுக்குத் தெரு பெரிய அறை கட்டுவதைவிட, தண்ணீரும் கூரையும் உள்ள இடத்தில் சின்னதாக இரண்டு அறைகள் இருந்தால் அதிகம் பேருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

மே 7

இன்று கணக்கு பேசினோம். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ஆகத் திருப்பும் வட்டியில் பலர் சரக்கு எடுக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் பணம் வந்தாக வேண்டும் என்பதால் மதியத்துக்கு மேல் நல்ல காயையும் கூறு கட்டித் தள்ளிவிடுகிறார்கள். வட்டிக்காரர் மாலையில் வருவார் என்று தெரிந்த பிறகு, நாளைக்கென்று காயைப் பத்திரப்படுத்த யாருக்கு மனம் வரும்? இதைக் கேட்டதும் எனக்கு மனசே சரியில்லை. சாலையோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த ஸ்வாநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாய் என்று தொடங்கியது. அது கிடைத்த அக்கா தினமும் வட்டி கட்டுவதை விட்டுவிட்டார். அவர் கடையில் மறுநாள் விற்கும் சரக்கு பாழாவதில்லை.

மூன்று பேர் சேர்ந்து ஒரு தக்காளிப் பெட்டியைப் பங்கு போடவும் ஆரம்பித்திருக்கிறார்கள். வந்ததும் பிரிக்கிறார்கள்: செங்காய் நாளைக்கு, பழுத்தது இன்றைக்கு, நசுங்கினது உடனே மெஸ்ஸுக்கு. பத்து மணிக்குள் காய் வந்து சேர்ந்தால்தான் மெஸ்காரர் எடுப்பார். சட்னிக்கு அரைத்துவிட்டால் அப்புறம் அவருக்குத் தேவையில்லை.

மே 12

நிழல்கூரைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மனு எழுதினோம். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, தெருக்கடை விஷயங்களைப் பார்க்க ஊர் அளவில் அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அதை மேற்கோள் காட்டியே எழுதினோம். தார்ப்பாயைத் தலைக்கு மேல் ஒட்டினாற்போல் கட்டினால் உள்ளே சூடு அடைந்துகொள்கிறது, அதனால் உயரமாக, இரண்டு பக்கமும் காற்று போகும்படி கூரை வேண்டும் என்று கீரைப் பாட்டி சொன்னதை அப்படியே சேர்த்தோம். நாளை காலை கையெழுத்து வாங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் யாரும் கடையை விட்டு எழுந்துவர மாட்டார்கள், ஏழு மணிக்கே போய்விடுவோம்.