திருகோணமலையில் ஸ்கொட்லாந்துக் கோட்டை வீடு: கல், சுண்ணாம்பு, குலச்சின்னம்

கோட்டை மாதிரி வீடு வேண்டும் என்பவர்கள் மேசனிடம் ஒரு படத்தைத்தான் நீட்டுகிறார்கள். பல்லுப் பல்லாய் உச்சிச்சுவர், மூலையில் உருண்டைக் கூண்டு. அதைச் சீமெந்துக் கல்லில் கட்டி, வெளியே கருங்கற் சில்லு ஒட்டிக் கொடுத்தால், இரண்டு மாரி போவதற்குள் சில்லுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி ஒவ்வொன்றாகக் கழரும். ஸ்கொட்லாந்தில் 14-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை எழுந்த கோபுர வீடுகளை வீடாக்கியது அந்தப் பற்கள் அல்ல. அந்தந்த ஊர்க் கல், சுண்ணாம்புச் சாந்து, தடித்த சுவர். நாம் எடுக்கவேண்டியதும் அதைத்தான்.

அவர்களிடம் எடுக்கக் கூடாதது யன்னல். குளிருக்கும் எதிரிக்கும் பயந்து வைத்த சின்னத் துவாரங்கள் அவை. தடித்த கற்சுவர் பகல் வெயிலைக் குடித்து, அதை இரவில்தான் உள்ளே விடும். இங்கே இரவிலும் புழுக்கம். ஆகவே எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுயர யன்னல் வேண்டும். வெயில் படும் மேற்குச் சுவருக்கு விறாந்தை வேண்டும். ஒடுக்கமான அம்புத் துவாரத்தைப் படிக்கட்டோடும் குளியலறையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. வெளியளவு 20 அடிக்கு 20 அடி, உயரம் 20 அடி, சுவர் 18 அங்குலம் என்று ஒரு சதுரக் கோபுரத்தை எடுப்போம். சுவரின் நடுக்கோடு 74 அடி. 74 × 1.5 × 20 என்றால் 2,220 கன அடி. வாசல், யன்னலைக் கழித்தால் ஏறத்தாழ 2,000, அதாவது 20 கியூப் கட்டு. குவியலாக வரும் கல்லில் இடைவெளி இருப்பதால் 25 கியூப் வாங்கவேண்டும். சாந்து கட்டின் மூன்றில் ஒரு பங்கு, 7 கியூப் பிடிக்கும். சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவைக்கு மணலும் ஏறக்குறைய 7 கியூப், 50 கிலோ சீமெந்துப் பை 95.

இந்தச் சுவர் மட்டுமே 135 தொன்னுக்கு மேல் நிற்கும். அத்திவாரம் 3 அடி அகலமானால், சதுர மீற்றருக்கு ஆறரைத் தொன் சுவர்ப் பாரம். தளமும் கூரையும் இன்னும் சேரவில்லை. உப்புவெளிப் பக்கக் கடற்கரை மணலும் மலையடிப் பாறையும் ஒரே மாதிரித் தாங்காது. மண்ணைச் சோதித்து, பொறியியலாளரின் கையெழுத்து வாங்காமல் குழி வெட்டாதீர்கள். காணி கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

கல் உடைத்த முகத்தோடு இருக்கவேண்டும். ஆற்று உருளைக்கல்லில் சாந்து பிடிக்காது. பழைய இடிபாட்டிலிருந்து ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. அது தொல்பொருட் சட்டத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல. கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை எழுந்த ஊர் இது. பிரட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீனும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

கட்டும்போது நடக்கும் பெரிய பிழை, உள்முகம் ஒரு சுவர், வெளிமுகம் ஒரு சுவர் என்று எழுப்பி நடுவே சல்லியைக் கொட்டுவது. வெளியே பார்க்க அழகாக இருக்கும். பாரம் ஏறியதும் நடுவிலுள்ள சல்லி அமர்ந்து, சுவர் வயிறு தள்ளும். ஒவ்வொரு 5 சதுர அடிக்கும் ஒரு கல்லாவது சுவரின் முழுத் தடிப்புக்கும் குறுக்கே ஓடவேண்டும். ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி. மூலைக்குப் பெரிய கல்லை ஒதுக்கி, ஒரு வரி நீளம், அடுத்த வரி குறுக்கு என்று பூட்டவேண்டும். நெட்டு மூட்டு இரண்டு வரிக்குத் தொடர்ந்தால் அங்கேயே வெடிக்கும். ஒரு நாளில் 2 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது. மேசன் அவசரப்பட்டாலும் விடாதீர்கள்: கருங்கல் தண்ணீர் உறிஞ்சாது, சாந்து இறுக நேரம் எடுக்கும், மேற்பாரம் கீழ்க்கல்லை வழுக்கவைக்கும்.

மணல் மகாவலி ஆற்று மணலாக, உரிமப் பத்திரத்தோடு வரட்டும். கடல் மணல் கலந்தால் வருடக்கணக்கில் உப்புப் பூக்கும். மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு டொலமைற் கல்லில் சுட்டது; மெதுவாகத்தான் நீறும். சரியாக நீறாததைப் பூசினால் பிறகு சுவரிலேயே நீறி, சின்னச் சின்னக் குழியாகத் தெறிக்கும். இரண்டு கிழமை தண்ணீருக்குள் ஊறவிட்டு, வெண்ணெய்ப் பதத்தில் எடுங்கள். கடற் பவளத்தில் சுட்டதைத் தொடவே வேண்டாம்.

வெளிப்பூச்சு தேய்ப்பது அல்ல, வீசுவது. சுண்ணாம்பு 1, கூர்மணலும் கால் அங்குலச் சல்லியும் சேர்ந்து 3. கரண்டியால் அள்ளி, மணிக்கட்டைச் சொடுக்கி எறிந்தால் கலவை கல்லிடுக்குக்குள் புகுந்து, சொரசொரப்பாக ஒட்டும். பிறகு பாலாகக் கரைத்த சுண்ணாம்பு, ஐந்து மெல்லிய தரம். அபர்டீன்ஷயரில் 1626-இல் முடிந்த கிரெய்கிவார் கோட்டையின் இளஞ்சிவப்பு இப்படி, நிறம் கலந்த சுண்ணாம்பால் வந்ததுதான். பிற்காலத்தில் அதற்குப் போட்ட சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டியதால், அதை உரித்து மறுபடி சுண்ணாம்பே பூசினார்கள். நமக்குத் தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் பூச்சு இறுகுமுன் காய்ந்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். அப்போது நனைத்த சாக்குத் தொங்கவிட்டே ஆகவேண்டும்.

உச்சிப்பற்கள் கட்டாயம் வேண்டுமென்றால், பின்னால் தளத்துக்கு 60-க்கு 1 சரிவும், ஒரு அடி வெளியே நீளும் தூம்பு குறைந்தது இரண்டும் வையுங்கள். ஒன்றை இலை அடைத்தால் மற்றது ஓடும். மூலைக்கூண்டைத் தாங்கும் கல் 6 அங்குலம் வெளியே நீண்டால், 12 அங்குலம் சுவருக்குள் இருக்கவேண்டும். புயல் தெரிந்த கரை இது; தள மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுற்றிக் கொங்கிறீட் பீம் அவசியம், கம்பிக்கு 2 அங்குல மூடலோடு. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கினால் கல்லையே பிளக்கும்.

குலம் பற்றி. ஹைலண்டர்கள் எனப்படும் ஸ்கொட்லாந்து மலைநாட்டவரின் சொல்லான 'கிளான்' கேலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள்படும். தானத்தார், வரிப்பத்தார் என்று கோயிற் கடமையால் அறியப்பட்ட குடிகள் உள்ள ஊருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1778-இல் சீஃபோர்த் பிரபு கென்னத் மக்கென்சி திரட்டிய படைப்பிரிவில் மக்ரே குலத்தவர் நிறைய. அதுவே 72-ஆம் ஹைலண்டர் படைப்பிரிவாக, 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த படையில் இருந்தது. மக்ரேக்கள் காத்த எயிலன் டொனன் கோட்டை 1719-இல் தகர்க்கப்பட்டு, இருநூறு வருடம் பாழாய்க் கிடந்து, 1912 முதல் 1932 வரை அந்தக் குலத்தவர் ஒருவராலேயே மீண்டும் எழுந்தது.

பூட்டனார் ஒரு ஸ்கொட்லாந்துத் தோட்டத்துரை என்று சொல்லப்படும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பெயர் ஒன்றாயிருப்பது மட்டும் இரத்த உறவுக்குச் சாட்சியல்ல. பிரபுவின் குடிமக்களும் அவர் பெயரை எடுத்தார்கள். 1855-க்குப் பிந்தியதற்கு ஸ்கொட்லாந்தின் பிறப்பு, இறப்புப் பதிவும், முந்தியதற்குத் தேவாலயப் பதிவேடும் தேடவேண்டும். உறுதியானாலும், இணையத்தில் கிடைக்கும் கேடயச் சின்னத்தை வாசலில் செதுக்காதீர்கள். ஸ்கொட்லாந்துச் சட்டப்படி கேடயம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல, ஒரு தனியாளுக்கு உரியது. குலத்தவர் அணியலாம் என்றிருப்பது, குலத்தலைவரின் முடிச்சின்னத்தை (கேடயத்துக்கு மேலே வரும் உருவத்தை) சுற்றி வாரும் கொக்கியும் உள்ள வட்டம் மட்டும்.

அதைவிட அவர்களுடைய இன்னொரு வழக்கம் நமக்கு அழகாகப் பொருந்தும். வாசல் மேற்கல்லில் கணவன் மனைவி முதலெழுத்தும் வருடமும் செதுக்குவது. மூன்றரை அடி வாசலுக்கு 5 அடி நீளமும் 9 அங்குல உயரமும் உள்ள ஒரே கல். இருபுறமும் 9 அங்குலம் சுவரில் அமரவேண்டும். அதன் மேலே பாரத்தைப் பிரித்துவிடும் வளைவு கட்டாவிட்டால் நடுவில் கீறும். எழுத்து கால் அங்குல ஆழம். கல்லை ஏற்றுமுன் நிலத்தில் வைத்தே செதுக்கிவிடுங்கள். தமிழ் எழுத்தின் சுழியைச் சாரத்தில் நின்று சுற்றியெடுப்பது கஷ்டம்.