மின்தடை நாள் பாடகன்

சோமனூரில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் விசைத்தறிகள் ஓடுவதால், தானே எழுதி மெட்டமைத்துப் பாடும் என் தம்பி, மாதாந்திர மின்தடை நாளில் தறிகள் நின்ற பிறகு, மடிக்கணினியின் பேட்டரி தீர்வதற்குள், பவானி ஜமக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு குரலைப் பதிவு செய்கிறான். (ஜமக்காளம் எதிரொலியை இவ்வளவு உறிஞ்சும் என்று அம்மாவுக்கே தெரியாது.)

"சினிமாவுல எப்பக் கண்ணு பாடுவே?" என்பதுதான் உறவினர்களின் ஒரே கேள்வி. கோவையின் ஹிப்ஹாப் தமிழா ஆதி 2012இல் சினிமா சாராத தனி ஆல்பம் வெளியிட்டு, 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்ததை எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த உழைப்பு பெரிது; ஆனாலும் தனியிசையைச் சினிமாவுக்குப் பேருந்து ஏறும் நிறுத்தமாக மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வருமானம்தான் உண்மையான சிக்கல். முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு, 2024 முதல் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை உரிமத்தொகை தருவதில்லை. தம்பியின் ஐந்து பாடல்களில் இரண்டு மட்டுமே அந்த எல்லையைக் கடந்தன. அவற்றில் வந்த தொகை ஒரு மைக் கம்பி வாங்கவே சரியாக இருந்தது.

வரும் சனிக்கிழமை மின்தடை அறிவித்திருக்கிறார்கள். ஆறாவது பாடலை அன்று பதிவு செய்கிறான்.